எங்க ஊர் சாபு

என் அப்பா ஹம்ஃப்ரி போகார்ட்டை வெறும் பெயரால் சொல்ல மாட்டார். "போகார்ட் சார்" என்பார். இங்ரிட் பெர்க்மன் "இங்ரிட் அம்மா". கேரி கிராண்ட் மட்டும் எப்படியோ "நம்ம கிராண்ட்" ஆகிவிட்டார். மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத் முன்னால் நின்றவர் அப்பா. ஆங்கிலம் பேச வராது, ஆனால் கேட்டால் புரியும். அந்த ஆங்கிலம் முழுக்கப் படக் கொட்டகையில் கற்றது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. அப்போது கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பகலெல்லாம் டாம் அண்ட் ஜெர்ரி ஓடும் சேனல், இரவு ஒன்பது மணி வாக்கில் டிஎன்டி என்று மாறிவிடும். எம்ஜிஎம் சிங்கம் தலையைத் திருப்பிக் கர்ஜிக்கும். மற்ற வீடுகளில் பிள்ளைகளைத் தூங்க அனுப்பும் நேரம் அது. எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "வாம்மா, இன்னிக்கு யாரு வர்றாங்கன்னு பாக்கலாம்" என்பார். யார் வருகிறார்கள் என்றுதான் கேட்பார், என்ன படம் என்று கேட்க மாட்டார். பெட்டி டேவிஸ் வந்தால் அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவார். ஜீன் கெல்லி மழையில் ஆடினால் மூவரும் பேச மாட்டோம்.

என் தலைமுறையில் பழைய ஹாலிவுட் மேல் இத்தனை பிரியம் வைத்தவர்கள் மைசூரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. என் பிரியம் அந்தக் கூடத்தில், அந்தக் கறுப்பு வெள்ளை வெளிச்சத்தில் வந்தது. இந்தப் பதிவு போகார்ட்டைப் பற்றியது இல்லை. ஆனால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒருநாள் 'காசாப்ளாங்கா' ஓடிக்கொண்டிருந்தது. 1942-இல் வந்த படம். அதில் சின்னச் சின்ன வேடங்களில் வருகிறவர்களில் பலர் ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து நிஜமாகவே ஓடிவந்த அகதிகள். ஜெர்மன் மேஜர் ஸ்ட்ராஸராக வரும் கான்ராட் வைட், யூத மனைவியோடு 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். தான் யாரை வெறுத்து ஓடினாரோ அவர்களாகவே பின்னால் நடிக்க வேண்டியிருந்தது அவருக்கு. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அப்பா சொன்னது வேறு.

"இந்த மேஜரா வர்றாரே, இவருதான் பாக்தாத் திருடன் படத்துல மந்திரவாதி. கண்ணாலேயே ஆளைக் கட்டிப் போட்டுடுவாரு."

"எம்.ஜி.ஆர். படமாப்பா?"

"அது அப்புறம் வந்தது. இது இங்கிலீஷ். அதுல திருடனா வர்ற பையன் யாரு தெரியுமா?" அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். போகார்ட் ஓடும்போது அவர் அப்படிச் செய்ததே இல்லை. "நம்ம ஊர்ப் பையன்மா. மைசூர்ப் பையன். மாவுத்தர் மகன். சாபுன்னு பேரு."

நான் நம்பவில்லை. அப்பா தான் சின்ன வயதில் பார்த்ததைச் சொன்னார். ஐம்பதுகளில் அந்தப் படம் மறுபடி இங்கே திரையிடப்பட்டபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தாராம். சாபு முகம் திரையில் வந்ததும் கொட்டகையில் விசில் அடங்கவில்லையாம். மண்டி மொஹல்லா டாங்கா வண்டிக்காரர்களில் பாதிப் பேர் சாபு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சொந்தம் என்றது உண்மையோ இல்லையோ, அந்த விசில் உண்மை என்று அப்பா முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் தேட ஆரம்பித்தேன். இன்டர்நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தேடிய காலத்திலிருந்து இன்று வரை தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

சாபு 1924 ஜனவரி 27-இல் காராபுராவில் பிறந்தவர். மைசூரிலிருந்து ஹெக்கடதேவன கோட்டெ தாண்டிப் போனால், கபினி ஆற்றங்கரையில் காட்டை ஒட்டி இருக்கும் ஊர். அவருடைய அப்பா மகாராஜாவின் யானைப் பாகன். தாயைக் குழந்தையிலேயே இழந்தவர் சாபு. கொஞ்ச வருஷத்தில் தகப்பனும் போய்விட்டார். பையன் அரண்மனை யானைக் கொட்டிலிலேயே வளர்ந்தான். புத்தகங்களில் 'சாபு தஸ்தகீர்' என்று எழுதுவார்கள். தஸ்தகீர் உண்மையில் அவருடைய அண்ணன் பெயர். சினிமாவில் அவர் வெறும் 'சாபு'. ஹாலிவுட் போஸ்டர்களில் ஒற்றைப் பெயரோடு நின்ற வெகு சிலரில் ஒருவர் எங்கள் காராபுராக்காரர்!

அவரைக் கண்டுபிடித்த கதை, ராபர்ட் ஃபிளாஹர்ட்டி மைசூருக்கு வந்த கதை. 1922-இல் 'நானுக் ஆஃப் த நார்த்' எடுத்து ஆவணப்படம் என்ற வகைக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அவர். ஒரு ஸ்பானியப் பையனுக்கும் ஒரு காளைக்கும் நடுவில் இருக்கும் நட்பை வைத்து ஒரு படம் எடுக்கப் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் படக் கம்பெனி வைத்திருந்த அலெக்சாண்டர் கோர்டாவிடம் போனபோது காளை யானையாகி, ஸ்பெயின் மைசூராகிவிட்டது. கிப்ளிங்கின் யானைப் பையன் தூமாய் கதையை எடுப்பதாக முடிவானது. 1935-இல் ஃபிளாஹர்ட்டி, மனைவி ஃபிரான்சிஸ், தம்பி டேவிட், ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் போரடெய்ல் எல்லோரும் இங்கே வந்து இறங்கினார்கள். அப்போது நாலாவது கிருஷ்ணராஜ உடையார் ஆட்சி. அவர்களுக்குத் தங்கக் கொடுத்தது சித்தரஞ்சன் மகால்.

மைசூர்க்காரர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியும். வினோபா சாலையில் இன்று கிரீன் ஹோட்டல் இருக்கிற அதே கட்டடம்தான். இடையில் அது பிரீமியர் ஸ்டுடியோ வசமும் இருந்தது. தமிழ், கன்னட, இந்திப் படங்கள் எத்தனையோ எடுக்கப்பட்ட ஸ்டுடியோ. 1989-இல் 'திப்பு சுல்தான்' தொடர் படப்பிடிப்பில் தீப்பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் அங்கேதான். அந்தத் தீயைப் பற்றி எங்கள் வீட்டில் பல நாள் பேசினார்கள். அதனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். இப்போது கூடவே இன்னொன்றும் வருகிறது. 1935-இல் அந்த வாசலில் யானைகள் நின்றிருக்கின்றன. பதினோரு வயதுப் பையன் ஒருவன் அங்கே கேமரா முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது.

பையனை முதலில் கவனித்தவர் போரடெய்ல் என்பார்கள். படத்தில் 'காலா நாக்' என்ற பெயரில் வரும் யானை, மகாராஜாவின் யானைகளிலேயே பெரியதான ஐராவதம். ஃபிளாஹர்ட்டிக்குக் கதையில் அவசரம் கிடையாது. காட்டையும் யானையையும் பையனையும் எடுத்துக்கொண்டே இருந்தார். லட்சக்கணக்கான அடி ஃபிலிம் ஓடியது. லண்டனில் பணம் போட்டவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கோர்டாவின் தம்பி சோல்டான் கோர்டா பொறுப்பெடுத்து, மீதியை லண்டன் பக்கத்தில் டென்ஹாம் ஸ்டுடியோவில் எடுத்து முடித்தார். சாபுவும் அண்ணனும் 1936-இல் இங்கிலாந்துக்குப் போனார்கள். 1937-இல் 'எலிஃபண்ட் பாய்' வெளிவந்தது. அந்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் ஃபிளாஹர்ட்டிக்கும் சோல்டான் கோர்டாவுக்கும் சேர்த்துச் சிறந்த இயக்குநர் விருது.

2011-இல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் கம்பெனி எக்லிப்ஸ் வரிசையில் சாபுவின் மூன்று படங்களை ஒரே பெட்டியாக வெளியிட்டது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தான். அப்பாவுக்கு அப்போது கண் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டிவிக்கு மிகப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

'எலிஃபண்ட் பாய்' முழுமையான படம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே எடுத்த பகுதி ஒரு படம், ஸ்டுடியோவில் எடுத்த பகுதி வேறொரு படம். வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு இந்தியர்களாக வரும் காட்சிகளில் எனக்கு மனம் ஒட்டவே இல்லை. ஆனால் நம் மண்ணில் எடுத்த பகுதி வந்ததும் மூச்சு நின்றுவிடுகிறது. பையன் ஐராவதத்தைக் குளிப்பாட்டுகிறான், அதனிடம் பேசுகிறான், அதன் மேல் படுத்துக்கொள்கிறான். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிடுகிறது. கேமராவுக்காகச் செய்கிற காரியம் ஒன்றுகூட அதில் இல்லை. அப்பா பாதிப் படம் வரை சாபுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இந்தக் காடெல்லாம் இப்ப தண்ணிக்குள்ள இருக்கும்மா" என்றார்.

அது சரிதான். காக்கனகோட்டெ, காராபுரா பக்கத்துக் காட்டில்தான் கெட்டா நடக்கும். காட்டு யானைக் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, தம்பட்டம் அடித்து ஓட்டி, மரத்தடுப்புக்குள் அடைத்துப் பிடிக்கிற முறை. 1870-களில் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி மைசூரில் அதைத் தொடங்கினார். பின்னால் வைஸ்ராய்களும் இளவரசர்களும் மேடை போட்டு உட்கார்ந்து பார்க்கிற காட்சியாகவே அது ஆனது. கடைசி கெட்டா நடந்தது 1971-இல். மூன்று வருஷத்தில் கபினி அணை கட்டி முடிந்து, அந்தக் காட்டில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. கெட்டா நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை, அது நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காட்டை நகரும் படமாகப் பார்க்க எனக்குத் தெரிந்து இருக்கிற வழிகளில் முக்கியமானது இந்தப் படம். லண்டன் கம்பெனிக்காக அமெரிக்கர் ஒருவர் எடுத்த படத்தில் எங்கள் ஊர்க் காடு இன்னும் பச்சையாக நிற்கிறது.

கோடையில் ஒருமுறை கபினிக்குப் போனேன். தண்ணீர் இறங்கி, கரையோரம் புல் முளைத்திருந்தது. அந்தப் புல்லுக்காகத்தான் கோடையில் யானைகள் நூற்றுக்கணக்கில் அங்கே இறங்கும். நீரின் நடுவே அந்தக் காலத்து மரங்களின் பட்டுப்போன தண்டுகள் நின்றன. ஒன்றின் உச்சியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பையன் எந்தப் பக்கம் பிறந்திருப்பான் என்று படகுக்காரரைக் கேட்டேன். அவருக்குச் சாபுவைத் தெரியவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம காராபுராவா மேடம்?" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இனி 'பாக்தாத் திருடன்'. எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்து 1960-இல் வந்த படம் இல்லை, 1940-இல் கோர்டா எடுத்த 'த தீஃப் ஆஃப் பாக்தாத்'. படப்பிடிப்பு இங்கிலாந்தில் தொடங்கியது, நடுவில் போர் வந்துவிட, அமெரிக்காவுக்குப் போய் முடித்தார்கள். அதனால் எங்கள் பையனும் அமெரிக்கா போனான். வண்ண ஒளிப்பதிவு, கலை, சிறப்புக் காட்சிகள் என்று மூன்று ஆஸ்கர் வாங்கிய படம். பட்டியலில் முதல் பெயர்கள் மற்றவர்களுடையவையாக இருக்கலாம், படம் சாபுவுடையது. சின்னத் திருடன் அபூவை கான்ராட் வைட் நாயாக மாற்றுகிறார். குப்பியிலிருந்து வெளிப்படும் மலையளவு பூதத்திடம் பயந்து நடுங்க வேண்டிய பையன் அதை ஏமாற்றி மறுபடி குப்பிக்குள் அடைக்கிறான். மூன்று வரம் கிடைத்ததும் முதல் வரமாகக் கேட்பது சாப்பாடு! பசி அறிந்த பையன் வேறு என்ன கேட்பான்? கடைசியில் அமைச்சர் பதவி தருகிறேன், படிக்க வைக்கிறேன் என்று ராஜா சொல்லும்போது பறக்கும் கம்பளத்தில் ஏறி ஓடிவிடுகிறான்.

பூதத்தோடு அவன் பேசும் காட்சியை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பூதமாக வருபவர் ரெக்ஸ் இங்ரம் என்ற கறுப்பின நடிகர். 1940-இல், மேற்கத்திய நாட்டுப் பெரிய பட்ஜெட் படம் ஒன்றில், திரை முழுவதையும் ஒரு கறுப்பு அமெரிக்கரும் மைசூர் மாவுத்தர் மகனும் மட்டுமே பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு அபூர்வம் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

கோர்டாவின் கூரைக்குக் கீழே அப்போது இன்னொரு இந்தியப் பிறவியும் இருந்தார். பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான், கோர்டாவின் மனைவி. தன் தெற்காசியத் தாய்வழியை மறைத்து, டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு, 1935-இல் வந்த படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். மறைத்தால்தான் கதாநாயகி ஆகலாம் என்ற நிலைமை இருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சாபுவுக்கு மறைக்க வழியும் இல்லை, மறைக்கச் சொல்பவரும் இல்லை. அவரிடம் அவர்கள் கேட்டதே இந்தியத்தனத்தைத்தான். தலைப்பாகையைக் கட்டு, மேல்சட்டையைக் கழற்று, யானை மேல் ஏறு. இருவருக்கும் கதவு ஒன்றுதான், உள்ளே போன வழி வேறு.

அதனால் சாபு நடித்த எல்லாப் படத்தையும் என்னால் ரசிக்க முடியாது. 1938-இல் வந்த 'த டிரம்' பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கொடி பிடிக்கிற படம். எல்லைப்புற இளவரசனாக வரும் சாபு ஆங்கிலேயர்களைக் காப்பாற்றுவார். பம்பாயிலும் மதராஸிலும் அந்தப் படத்தைத் திரையிட்டபோது மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் செய்தது நியாயம். பதினாலு வயதுப் பையன், தாய் தகப்பன் இல்லாதவன், சம்பளம் கொடுக்கிறவர் கொடுத்த வசனத்தைப் பேசினான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாகத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

1942-இல் 'ஜங்கிள் புக்'. சாபுதான் மௌக்ளி. மிக்லோஷ் ரோஷாவின் இசையோடு சாபு தன் குரலில் கதை சொல்லும் இசைத்தட்டும் அந்த வருஷம் வந்தது. ஒரு ஹாலிவுட் படத்தின் பின்னணி இசை அமெரிக்காவில் இசைத்தட்டாக விற்பனைக்கு வந்ததில் அது மிக ஆரம்பக் கால உதாரணம். அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள், ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஆங்கிலமே தெரியாத பையன் என்று சொன்னால் நம்ப முடியாது. பிறகு யுனிவர்சல் கம்பெனியில் மரியா மாண்டெஸ், ஜான் ஹால் ஜோடியோடு வரிசையாக மூன்று வண்ணப் படங்கள். 'அரேபியன் நைட்ஸ்', 'ஒயிட் சேவேஜ்', 'கோப்ரா வுமன்'. எல்லாவற்றிலும் அவர் கதாநாயகனின் சுறுசுறுப்பான தோழன். எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை.

1944 ஜனவரியில் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இந்தியர்களுக்குப் பொதுவாக அந்த உரிமையைத் திறந்துவிட்ட சட்டம் 1946-இல்தான் வந்தது என்பதை நினைத்தால் இதன் எடை தெரியும். சாபு விமானப் படையில் சேர்ந்தார். நட்சத்திரங்களைப் பிரச்சாரக் கூட்டங்களுக்கு மட்டும் அனுப்பிப் பத்திரமாக வைத்துக்கொள்வது உண்டு. இவர் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால் பக்கத் துப்பாக்கிக்காரராகப் பசிபிக் போர்முனைக்கே போனார். அந்த இடத்தில் உட்காருபவர் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும், விமானத்தைத் துரத்தி வருபவன் முதலில் குறிவைப்பது அவரைத்தான். வீரத்துக்கான டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் பதக்கம் வாங்கித் திரும்பினார். அப்பாவுக்கு இந்தச் சேதி தெரியாது. நான் சொன்ன அன்று இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

போருக்குப் பின் வந்ததில் எனக்குப் பிரியமானது 1947-இன் 'பிளாக் நார்சிஸஸ்'. பவல், பிரஸ்பர்கர் இருவரும் சேர்ந்து எடுத்தது. இமயமலை உச்சியில் ஒரு கன்னிமாடம், அங்கே டெபோரா கர். மலை முழுக்க லண்டன் பைன்வுட் ஸ்டுடியோவில் வரைந்து செய்தது. இமயத்துக்கு ஒருவரும் போகவே இல்லை. ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. சாபு பட்டும் நகையுமாக வரும் இளைய ஜெனரல். படத்தின் பெயரே அவர் பூசிக்கொண்டு வரும் வாசனைத் திரவியத்தின் பெயர். பள்ளிப் பிள்ளை மாதிரி புத்தகத்தை வைத்துக்கொண்டு கன்னியாஸ்திரீகளிடம் படிக்க வந்து உட்காருவார். அந்தப் பணிவிலும் வெட்கத்திலும் ஒரு நல்ல நடிகர் எட்டிப் பார்க்கிறார். அந்த நடிகருக்கு வேலை கொடுக்க அதற்குப் பிறகு ஆள் இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காட்டுப் பையன் வேடத்துக்கு வயதாகிவிட்டது, வேறு வேடத்துக்கு நிறம் ஆகாது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் லண்டன் ஹாரிங்கே சர்க்கஸில் யானைகளோடு வேடிக்கை காட்டினார். சுற்றிச் சுற்றி அவர் யானையிடமே போனார்.

நம் ஊர் சினிமாவுக்குத் திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. மெஹபூப் கான் 'மதர் இந்தியா'வில் பிர்ஜு வேடத்துக்கு முதலில் நினைத்தது சாபுவைத்தான். சாபு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்து பம்பாய் அம்பாசடர் ஹோட்டலில் தங்கிக் காத்திருந்தார். படப்பிடிப்பு தள்ளித் தள்ளிப் போனது. அமெரிக்கக் குடிமகன் இந்தியாவில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்குவதும் இழுத்தது. கடைசியில் வேடம் சுனில் தத்துக்குப் போனது. சுனில் தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வேடத்தில் அவரைத் தவிர வேறு ஒருவரைக் கற்பனை செய்யவும் முடியாது. ஆனால் பிறந்த நாட்டில் வேலை செய்யச் சீட்டுக்காகக் காத்திருந்த அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை. கடைசி வரை அவர் ஓர் இந்தியப் படத்திலும் நடிக்கவில்லை.

1960-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தார்கள். அதே வருஷம், கூடவே அமெரிக்கா போன அண்ணன் ஒரு கொள்ளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963 டிசம்பர் 2-ஆம் தேதி சாபு மாரடைப்பில் இறந்தார். நாற்பது வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. கென்னடி கொல்லப்பட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, உலகமே அந்தத் துக்கத்தில் இருந்தது. கடைசிப் படமான டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்' அவர் போன பிறகு 1964-இல் வந்தது. மைசூரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்கு அந்தச் சாவே தெரிந்திருக்கவில்லை. அறுபதுகளில் அவர் மனதில் சாபு கம்பளத்தில் பறந்துகொண்டுதான் இருந்தார்.

யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் மனம் நிறையும். சாபுவுக்கு நான் தேடிய வரை இந்த ஊரில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. யானை மேல் அம்பாரி வைத்து உலகத்தையே கூப்பிட்டு விழா எடுக்கிற ஊர் இது. யானைக் கொட்டிலிலிருந்து உலகத் திரைக்குப் போன பையனுக்கு அரண்மனை வளாகத்தில் ஒரு படம், கீழே நாலு வரி. தசராவின்போது ஒரு மாலை 'எலிஃபண்ட் பாய்' திரையிட்டால் போதும். இதை நான் நிஜமாகவே கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது செய்ய முடியுமானால் செய்யுங்கள்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 'த தீஃப் ஆஃப் பாக்தாத்'திலிருந்து தொடங்குங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'ஜங்கிள் புக்' காப்புரிமை முடிந்த படம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'எலிஃபண்ட் பாய்' கடைசியில்.

அப்பா 2019-இல் போய்விட்டார். சில வருஷம் கழித்து, ஒரு தசராவுக்கு முன்னால் அரண்மனை வளாகத்துக்குப் போயிருந்தேன். காட்டு முகாம்களிலிருந்து யானைகளோடு மாவுத்தர்களும் அவர்களுக்கு உதவும் காவடிகளும் குடும்பத்தோடு வந்து ஒன்றரை இரண்டு மாதம் அங்கேயே தங்குவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு கொட்டகைப் பள்ளிக்கூடமும் நடக்கும். வைக்கோலுக்குள் நெல்லும் வெல்லமும் தேங்காயும் வைத்துச் சுருட்டி ஒருவர் யானைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் வேலை முடியும் வரை காத்திருந்து, "அண்ணா, ஒரு நிமிஷம் இதப் பாக்கறீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டு போனை நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவர் மகன், எட்டு ஒன்பது வயது, இடுப்பை ஒட்டி வந்து நின்றான்.

சாபு ஐராவதத்தின் கழுத்தில் உட்கார்ந்து வரும் காட்சி. பெரியவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரையின் கீழ்ப்பக்கத்தையே பார்த்தார். பிறகு விரலால் காட்டினார். யானையின் காதுக்குப் பின்னால் இருந்த பையனின் கால் விரல்கள்.

"காலால பேசறான் பாருங்க. இது சொல்லிக் கொடுத்து வராது. கொட்டில்ல பொறந்த பையன்."

எந்த வருஷத்துப் படம் என்று கேட்டார். சொன்னேன். மைசூர்ப் பையன், பின்னால் அமெரிக்காவில் பெரிய நடிகர் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார், அது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. "யானை பேரு?"

"ஐராவதா."

மகனிடம் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். பையன் போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முதலிலிருந்து போடச் சொன்னான். போட்டேன்.